விண்கலத்துட் பணயக் கைதிகள்

(டயகமவிலிருந்து, தமிழாசிரியரான பழைய மாணவர் ஒருவர்)

நம் கல்லூரித் தாயின் விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று மலர்க்குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியராகிய யாம் சங்க இலக்கியத்திலோ சமய நூலிலோ ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம் என்றே அன்பர் பலர் எதிர்பார்த்திருப்பர். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் வரும் கதையொன்றாகும். இதற்கும் தமிழாசிரியர்க்கும் யாது தொடர்பு என்று வினவுவோர்க்கு விடை கட்டுரையின் போக்கிலே கிடைக்கும். ஹோர்ட்டன் சமவெளியை அடுத்த இத்தேயிலைத் தோட்டப் பகுதியில் ஆசிரியத் தொழில் புரியும் எமக்கு, அக்கதை விண்ணைப் பற்றிய கதையாக மட்டுந் தோன்றவில்லை என்பதை மாத்திரம் ஈண்டுக் கூறி அமைவாம்.

முதற்கண் சொல்லை ஆராய்வாம். சூதாடுவோர் ஆட்டத்தில் ஒட்டி வைக்கும் பொருள் பணயம் எனப்படும். தருமன் நாட்டை வைத்தான், தம்பியரை வைத்தான், தன்னையும் வைத்தான், ஈற்றிற் பாஞ்சாலியை வைத்தான். வைக்கப்பட்டவளின் விருப்பத்தை வைத்தவனும் கேட்டிலன், வென்றவனுங் கேட்டிலன். பணயக் கைதி என்னும் இக்காலச் சொல்லாட்சியில் உறைந்து நிற்பது இப்பொருளே. ஒருவரைப் பிடித்து வைத்துக்கொண்டு, "யான் கேட்பதைச் செய்; இன்றேல் இவர் உயிர் போகும்" என்று பிறிதொருவரை நெருக்குவதே பணயங் கொள்ளுதலாம். 1979 திசெம்பர் 17ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட, பணயக் கைதிகளைப் பிடித்தலுக்கு எதிரான உடன்படிக்கையும் இவ்வாறே இலக்கணங் கூறுகின்றது. பிடிப்பவர், பிடிபடுபவர், நெருக்கப்படுபவர் என மூவர் இருந்தாலன்றிப் பணயம் இல்லை.

நுவரெலியாவை அடுத்த சீதா எலியவில் உள்ள அம்மன் கோயிலை நேயர் பலர் கண்டிருப்பர். பிராட்டி சிறையிருந்த அசோகவனம் அவ்விடமே என்பது வழிவழி வந்த நம்பிக்கை. ஆயின் பிராட்டி இருந்தது சிறை, பணயம் அன்று. இராவணன் இராமனிடம் யாதொன்றுங் கேட்டிலன். பிராட்டியின் இசைவையே நாடினான். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால் யாம் சொல்லப்போகும் கதை தெளிவாகும்.

"ஸ்டார் டிரெக்" என்னும் அறிவியற் புனைகதைத் தொடர் 1966 செப்டெம்பர் 8ஆம் நாள் அமெரிக்காவில் ஒளிபரப்பாகத் தொடங்கி, 1969 வரை 79 கதைகளாக நிகழ்ந்தது. எண்டர்பிரைஸ் என்னும் பெருங்கலம் 400க்கு மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு விண்மீன்களிடையே உலாவுகின்றது. கேர்க் என்பவர் அதன் தலைவர். ஸ்பொக் என்பவர் அவருக்கு அடுத்த நிலையினர். முதற் பருவத்திலே, 1967 பெப்ரவரி 16ஆம் நாள் ஒளிபரப்பான கதைக்கு "ஸ்பேஸ் சீட்" என்பது பெயர். விண்வெளி வித்து என நாம் தமிழிற் கூறலாம். அக்காலை நம் நாட்டில் தொலைக்காட்சி என்பதே இல்லை. 1979இல் சுயாதீன தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் வந்த பின்னரே இலங்கையர் தம் வீடுகளில் இத்தகைய படங்களைக் காணும் வாய்ப்புப் பெற்றனர். இன்றோ அரை நூற்றாண்டுக்கு முந்திய படத்தையும் எம் மாணாக்கர் கைத்தொலைபேசியிற் கண்டுவிட்டு வந்து எம்மிடமே கதை சொல்கின்றனர்.

கதை இதுவாகும். எண்டர்பிரைஸ் கலத்தார் விண்ணிலே மிதக்கும் பழங்கலம் ஒன்றைக் காண்கின்றனர். அதன் பெயர் பொட்டனி பே. பிரித்தானியர் தம் நாட்டுக் குற்றவாளிகளை நாடுகடத்த எண்ணிய அவுஸ்திரேலியக் குடாவின் பெயரே அது. அக்கலத்தினுள் எழுபதுக்கு மேற்பட்டோர் நீள்துயிலிற் கிடக்கின்றனர். மனித இனத்தை மேம்படுத்துவதாகக் கூறி, தேர்ந்து கலந்து உண்டாக்கப்பட்ட மீமனிதர் அவர். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகத்தின் பெரும்பகுதியைக் கைப்பற்றி ஆண்டு, பின் தோற்று, விண்ணுக்கு ஓடியவர் என்பது கதையின் கற்பனை. அவர்தந் தலைவன் கான் நூனியன் சிங். அவன் விழித்தெழுகின்றான். கப்பற்றலைவர் கேர்க் விருந்தினனுக்குரிய மரியாதையை அவனுக்கு அளிக்கின்றார். கலத்தின் அமைப்பை விளக்கும் நூல்களைப் படிக்கவும் இடங் கொடுக்கின்றார். கலத்தில் வரலாற்றறிஞராகப் பணிபுரியும் மார்லா மக்கிவர்ஸ் என்னும் பெண், பழங்கால வீரரிடத்துத் தாங் கொண்ட பெருமதிப்பால் அவன்மேற் காதல் கொண்டு அவனுக்குத் துணையாகின்றார். கானின் தோழர் அனைவரும் எழுப்பப்படுகின்றனர். அவர்கள் இயந்திரக்கூடத்தைக் கைப்பற்றுகின்றனர்.

அடுத்து நிகழ்வதே நாம் நோக்கற்பாலது. கான் துப்பாக்கி ஏந்திக்கொண்டு தலைமை மண்டபத்துட் பாய்ந்திலன். அம்மண்டபத்துக்குச் செல்லுங் காற்றை நிறுத்தினான். உள்ளிருந்தோர் ஒவ்வொருவராக மயங்கி வீழ்ந்தனர். பின்னர் உயர் அலுவலரை ஓரறையிற் கூட்டி, தன்னோடு சேருமாறு கேட்டான். அவர்கள் மறுக்கவே, தலைவர் கேர்க்கை மருத்துவக் கூடத்து அமுக்கக் கலத்துள் அடைத்து, உள்ளிருக்குங் காற்றின் அமுக்கத்தைக் குறைத்துக்கொண்டே போய், அக்காட்சியை ஏனையோர் திரையிற் காணச் செய்தான். ஒருவர் இசைந்தாலும் தலைவர் பிழைப்பார். இன்றேல் அவர் இறந்தபின் அடுத்தவர் அக்கலத்துட் செல்லவேண்டும். பிடித்தவன் கான், பிடிபட்டவர் கேர்க், நெருக்கப்பட்டவர் அலுவலர். பணயத்தின் மூன்று உறுப்பும் இங்கே குறைவற அமைந்திருத்தல் காண்க. அலுவலரோ திரையை நோக்கியவாறே வாய் திறவாது இருந்தனர்.

"தலைவர் உயிர் போகும்போது அவர்கள் ஏன் பேசாதிருந்தனர்? இது கொடுமையன்றோ?" என்று எம் மாணாக்கர் வினவுவதுண்டு. நல்ல வினாவே. ஒருவர் உயிருக்காக இசைந்தால் 400க்கு மேற்பட்டோரும் அக்கலத்தின் பேராற்றலும் ஒருவன் கைக்குப் போய்விடும்; நாளை அக்கலம் சென்றடையும் உலகங்களும் அவனுக்குப் பணயமாகும். இசைவதும் கொடிது, இசையாமையும் கொடிது என்னும் இந்நிலையே பணயங் கொள்வோனின் படைக்கலம். அவன் கொலைசெய்யும் பழியைத் தன்மேற் கொள்ளாது, "நீங்கள் மறுத்தீர்கள், ஆதலால் இவர் இறந்தார்" என்று பிறர் தலையிற் சுமத்துகின்றான்.

இனி, விண்வெளியில் இக்கொடுமை ஏன் நிலத்தினும் மிகுகின்றது என்பதைக் காண்பாம். ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 0.84 கிலோகிராம் ஒட்சிசன் வேண்டும். அவர் வெளிவிடும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ ஒரு கிலோகிராம். நிலத்தில் வாழும் நாம் இக்கணக்கை நினைப்பதே இல்லை. எம் மலைச்சாரலிற் காற்றுக்கு யார் விலை கேட்டார்? விண்கலத்திலோ ஒவ்வொரு மூச்சும் ஓர் இயந்திரத்தின் கொடை. சர்வதேச விண்வெளி நிலையத்தில் நீரை மின்னாற் பகுத்து ஒட்சிசன் பெறுகின்றனர்; வெளிவிட்ட நச்சுக்காற்றை வேறு இயந்திரங் கொண்டு அகற்றுகின்றனர். அவ்வியந்திரத்தின் திருகு எவர் கையில் உளதோ அவர் கையிலேயே அனைவர் உயிரும் உளது.

இது கற்பனையன்று என்பதை 1970 ஏப்ரலில் உலகங் கண்டது. திங்களை நோக்கிச் சென்ற அப்பல்லோ 13 கலத்தில் ஒட்சிசன் தாங்கியொன்று வெடித்தது. லவல், ஸ்விகெற், ஹேஸ் என்னும் மூவரும், இருவர் இரு நாளளவு தங்குதற்கென அமைந்த சிறிய திங்களூர்தியுள் ஏறத்தாழ நான்கு நாள் ஒதுங்க நேர்ந்தது. ஒட்சிசன் போதியதாயிருந்தும், அவர்கள் விட்ட மூச்சே அவர்களைக் கொல்லத் தொடங்கியது. பெருங்கலத்திலிருந்த காற்றுச் சுத்திகரிப்புப் பெட்டிகள் சதுரம். ஊர்தியின் துளைகளோ வட்டம். நிலத்திலிருந்த பொறியியலாளர், பிளாஸ்ரிக் பையும் மட்டையும் ஒட்டுநாடாவுங் கொண்டு சதுரத்தை வட்டத்தோடு பொருத்தும் வகையைக் கண்டு, வானொலி மூலஞ் சொல்லிக் கொடுத்தனர். மூவரும் மீண்டனர். அங்கே பிடித்தவன் எவனுமில்லை, இயற்கையே பிடித்தது. இயற்கை பேரம் பேசுவதில்லை. ஆயின் வஞ்சிப்பதும் இல்லை.

தமிழ் மரபிலே முற்றுகையைப் பற்றிய சிந்தனை மிகப் பழையது. தொல்காப்பியர் அரண் முற்றுதலையும் அதனைக் காத்தலையும் உழிஞைத் திணையுள் அடக்கினார்; பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை காத்தலை நொச்சி என வேறாக வகுத்தது. திருவள்ளுவர் அரண் என ஓரதிகாரமே வகுத்து, பகைவர் கொள்ளுதற்கு அரிதாயிருத்தல், உள்ளே உணவு நிறைந்திருத்தல், உள்ளிருப்போர்க்கு நிலைத்திருத்தல் எளிதாதல் என்றெல்லாம் அதன் இயல்பு கூறி, ஈற்றில், எத்துணை மாட்சி இருந்தும் செயல்திறம் இல்லார்க்கு அரண் பயன்படாது என்றும் எச்சரித்தார். எண்டர்பிரைஸ் வலிய அரணே. ஆயின் அதன் பகைவன் மதிலுக்குப் புறத்தே நின்றிலன். விருந்தினனாக உள்ளே உணவருந்திக்கொண்டிருந்தான்.

விண்ணில் இதுவரை எவரும் எவரையும் பணயமாகப் பிடித்ததில்லை. வானிலே நிகழ்ந்ததற்கு நம் நாட்டவரே ஓர் எடுத்துக்காட்டுத் தந்தனர். 1982 யூன் 30ஆம் நாள் டில்லியிலிருந்து பாங்கொக் நோக்கிச் சென்ற அலிற்றாலியா விமானத்தைச் சேபால ஏக்கநாயக்க என்னும் இலங்கையர் கடத்தினார். தம் இத்தாலிய மனைவியையும் மகனையும் தம்மிடங் கொணரவேண்டும், 300,000 டொலர் தரவேண்டும் என்பன அவர் கோரிக்கைகள். கேட்டது கிடைத்தது, பயணிகள் விடுதலையாயினர், அவர் நாடு திரும்பியபோது வரவேற்றுக் கொண்டாடியோரும் இருந்தனர். பின்னர் 1982ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க வான்கலக் குற்றங்கள் சட்டம் நிறைவேறி, முன்நிகழ்ந்த செயலுக்கும் செல்லுபடியாகுமாறு ஆக்கப்பட, அவர் சிறை சென்றார். அவ்விமானம் பாங்கொக் நிலத்திலே நின்றது, கதவைத் திறந்தால் வெளியே காற்றிருந்தது, பேசுதற்குப் பொழுதிருந்தது. விண்கலத்திற் கதவைத் திறத்தலே சாவாம். ஆதலின் அங்கே பணயங் கொள்வோனுக்குப் படைக்கலமே வேண்டியதில்லை.

ஈண்டு எம் தோட்டத்துப் பழங்கதையொன்று நினைவுக்கு வருகின்றது. தமிழ்நாட்டிலிருந்து எம் முன்னோர் பெரிய கங்காணியிடம் முன்பணம் பெற்று இம்மலைகளுக்கு ஏறி வந்தனர். வந்த நாளிலேயே அவர்கள் கடனாளிகள். ஒரு தோட்டத்தை விட்டு வேறொன்றுக்குப் போகவேண்டுமாயின், இன்னவரின் கடனைத் தீர்த்தால் இவரை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் ஒரு சீட்டு வேண்டும். அதற்குத் துண்டு என்று பெயர். அத்தமிழ்ச் சொல் ஆங்கிலேயர் அறிக்கைகளிலும் அவ்வாறே புகுந்துவிட்டது. புதிய தோட்டம் கடனைக் கொடுத்தது. கடனோ தொழிலாளியின் பெயரிலேயே தொடர்ந்தது. இருக்கும் லயக் காம்பிராவும் தோட்டத்தினது. உண்ணும் அரிசியும் தோட்டத்தின் கணக்கில் வந்தது. பிரட்டுக்களத்தில் பேர் விழுந்தால் மாத்திரமே அந்நாட் கூலி. பொன்னம்பலம் அருணாசலம் முதலிய பெரியோர் தொழிலாளர்க்காகக் குரலெழுப்பிய காலத்தின் பின், 1921ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே துண்டு முறை ஒழிந்தது.

தொழிலாளரைப் பணயக் கைதிகள் என்று கூறுதல் சொல்லிலக்கணத்துக்குப் பொருந்தாது. அவரைக் காட்டி மூன்றாமவரை எவரும் நெருக்கவில்லை. ஆயினும் கான் செய்ததற்கும் துண்டு செய்ததற்கும் ஓர் உறவு உண்டு. இரண்டிடத்தும் விலங்கு இல்லை, சங்கிலி இல்லை. வாழ்தற்கு இன்றியமையாத ஒன்றைத் தன் கையில் வைத்திருப்பவன், அதனைத் தருவதாலும் நிறுத்துவதாலும் ஆள்கின்றான். விண்கலத்தில் அது காற்று; அந்நாளைத் தோட்டத்தில் அது ஒரு துண்டுக் காகிதம். இதனாலன்றோ, விண்ணைக் கனவிலுங் கண்டிராத எம் முதியோரும் இக்கதையைக் கேட்டவுடன் அதன் உட்பொருளைப் பற்றிக்கொள்கின்றனர்.

கதையின் முடிவுக்கு வருவாம். திரையிற் கேர்க்கின் துன்பத்தைக் காணச் சகியாத மக்கிவர்ஸ் அமுக்கக் கலத்திலிருந்து அவரை மீட்கின்றார். கானுக்குக் கதவு திறந்தவரே கேர்க்குக்குங் கதவு திறந்தார். பிறகு கேர்க்கும் ஸ்பொக்கும் காற்றுக்குழாய்கள் வழியே மயக்கவாயுவைச் செலுத்திப் பகைவரை வீழ்த்துகின்றனர். எக்குழாயாற் கான் வென்றானோ அக்குழாயாலேயே தோற்றான். ஈற்றிற் கேர்க் அவனைக் கொல்லாது, மக்கள் வாழாத கோள் ஒன்றிற் குடியேற்றி விடுகின்றார். மக்கிவர்ஸ் தண்டனையை விடுத்து அவனுடன் செல்வதையே தேர்கின்றார். அவ்வித்து நூறாண்டு கழிந்து யாது பயிராகுமோ என்று ஸ்பொக் எண்ணிப் பார்ப்பதோடு கதை முற்றுகின்றது. 1982இல் வந்த திரைப்படம் அவ்வித்தின் கசப்பான விளைவைக் காட்டியது.

ஒரு குறையையும் கூறாது விடல் தகாது. கான் வடஇந்தியாவினன், சீக்கியனாதல் கூடும் என்று கதை சொல்கின்றது. கான் என்பதையும் சிங் என்பதையும் ஒரு பெயரிற் பிணைத்தமை, கதையாசிரியர்க்கு இந்தியாவைப்பற்றி இருந்த அறிவின் எல்லையைக் காட்டும். வேடந் தாங்கியவரோ மெக்சிக்கோவிற் பிறந்த ரிக்கார்டோ மொண்டல்பான். கொடுங்கோலனுக்குக் கீழ்த்திசைப் பெயர் வைத்தல் மேனாட்டார்க்கு எளிதாக வரும் வழக்கம். ஆயினும் மொண்டல்பான் அவ்வேடத்துக்கு அளித்த மிடுக்கும் அறிவும் பெருமிதமும் கானை வெறும் அரக்கனாக்காது காத்தன.

இலங்கையிலிருந்தும் இப்பொருளை ஒருவர் ஆழச் சிந்தித்தார். ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் 2008இல் மறையும்வரை இந்நாட்டில் வாழ்ந்தவர். அவரும் ஸ்ரான்லி கியூப்ரிக்கும் உருவாக்கி 1968இல் வெளிவந்த "2001" என்னும் திரைப்படத்தில், ஹால் என்னும் கணினியே கலத்தின் மூச்சைக் காக்கின்றது. அதுவே நீள்துயிலிற் கிடந்த மூவரின் உயிர்காப்பை நிறுத்துகின்றது. வெளியே சென்று மீண்டவருக்குக் கதவு திறக்க மறுக்கின்றது. காவலனே கள்வனாகும் நிலை அது. ஆயின் 1979இல் அவர் எழுதிய "தி ஃபவுண்டன்ஸ் ஒவ் பரடைஸ்" நாவலோ மறுதலையைக் காட்டுகின்றது. நம் சிவனொளிபாதமலையை மாதிரியாகக் கொண்ட மலையொன்றின் உச்சியிலிருந்து விண்வரை எழும் கோபுரத்திற் சிலர் சிக்கிக்கொள்கின்றனர். மோர்கன் என்னும் பொறியியலாளர், நோயுற்ற இதயத்தோடு, அவர்களைக் காக்கும் பொருள்களைச் சுமந்து தனியே ஏறிச் செல்கின்றார். காத்துவிட்டு இறங்கும் வழியில் உயிர்விடுகின்றார். பிறர் மூச்சை நிறுத்தி ஆள நினைத்தவனையும், பிறர் மூச்சுக்காகத் தன் மூச்சை ஈந்தவரையும் ஒருங்கு வைத்து எண்ணுக.

சட்டமும் இத்திசையில் முயன்றே வருகின்றது. அக்கதை ஒளிபரப்பாவதற்கு இருபது நாள் முன்னர், 1967 சனவரி 27ஆம் நாள் விண்வெளி உடன்படிக்கை கையொப்பத்துக்கு வைக்கப்பட்டது. அது விண்வெளி வீரரை மனித குலத்தின் தூதர் என்று கூறுகின்றது. தூதரைச் சிறைசெய்தல் தகாதென்பது நம்மவர்க்குப் புதிதன்று. அனுமன் பிணிக்கப்பட்டபோது வீடணன் எடுத்துரைத்த அறமும் அதுவே. 1968இல் எழுந்த மீட்பு உடன்படிக்கை, இடருற்ற விண்வீரரைக் காத்து விரைந்து திருப்பியனுப்புதல் நாடுகளின் கடன் என விதித்தது. 1998இல் விண்வெளி நிலையம் பற்றி எழுந்த ஒப்பந்தம், அங்கே குற்றம் புரிவோர்மீது அவரவர் நாடே நியாயாதிக்கம் செலுத்தலாம் என வகுத்தது.

சட்டத்தினும் முந்தியது அமைப்பு. எக்கலமாயினும், எத்தொழிற்சாலையாயினும், எவ்வூராயினும், மக்கள் மூச்சின் திருகு ஒருவர் கையில் மட்டும் இருத்தலாகாது. ஒன்று நின்றால் மற்றொன்று தொடரவேண்டும். ஒருவர் மறுத்தால் மற்றொருவர் திறக்கும் உரிமை வேண்டும். கேர்க் பிழைத்தது அவர் வீரத்தால் அன்று. கதவைத் திறக்கக்கூடிய இன்னொரு கை அங்கே இருந்தமையாலாம்.

எம் பள்ளியில் இன்று விஞ்ஞானங் கற்கும் பிள்ளைகளுள் எவரேனும் ஒருவர் நாளை அத்தகைய இயந்திரம் ஒன்றை வரைதல் கூடும். நம் கல்லூரியின் புதல்வருள் ஒருவர் அதற்கான சட்டத்தை எழுதுதலுங் கூடும். அன்று அவர்கள் கணக்கும் பௌதிகமும் சரிவரச் செய்தபின், இத்திருகு யார் கையில் இருக்கும் என்னும் வினாவையும் ஒருமுறை கேட்பாராயின், துண்டுக் காகிதத்துக்காகக் காத்திருந்த முன்னோர்க்குச் செய்யவேண்டிய கடன் ஓரளவு தீர்ந்ததாகும்.